சிற்றூரில் மாதாந்திரக் கச்சேரி தொடங்குவது எப்படி? முதல் நான்கு நிகழ்ச்சிகளுக்கான செய்முறை

ஊரில் ஒரு கச்சேரி நடத்திவிடலாம். அதையே மாதாமாதம் நடத்துவது வேறு வேலை. முதல் நிகழ்ச்சிக்கு வேடிக்கை பார்க்கவாவது ஆள் வந்துவிடும். மூன்றாவதுக்கு வருகிறவர்கள்தான் தொடரைத் தாங்கப்போகிறவர்கள். அதனால் எந்தச் செலவையும் வேலையையும் ஏற்கும் முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதே ஆட்களை வைத்து அடுத்த மாதமும் இதைச் செய்ய முடியுமா?

படி 1: தேதிகள்

முதல் பருவத்துக்கு நான்கு கச்சேரி போதும். "ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை" என்பதுபோல நினைவில் நிற்கும் நாளாக வையுங்கள். அறுவடை, பள்ளித் தேர்வு, மழைக்காலம் மூன்றையும் பார்த்துத் தவிர்த்துவிட்டு, நான்கு தேதிகளையும் ஒரே நோட்டீசில் போடுங்கள். முதல் இரண்டுக்கான கலைஞர்கள் உறுதியாகும்வரை அறிவிக்க வேண்டாம்.

படி 2: இடம்

60 பேர் உட்காரும் கூடம் நல்ல தொடக்கம். நடைபாதையையும் சேர்த்து ஒருவருக்கு ஏறக்குறைய 1 சதுர மீட்டர் என்று கணக்கிடுங்கள். 10 மீட்டருக்கு 8 மீட்டர் கூடத்தில், மேடைக்கு 12 சதுர மீட்டரும் மிக்ஸருக்கும் (எல்லா மைக்குகளின் ஒலியையும் கலந்து கட்டுப்படுத்தும் பலகை) வாசலுக்கும் கொஞ்சமும் போனால் 60 நாற்காலி தாராளமாகப் பிடிக்கும்.

நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். சத்தம் அடங்காமல் இழுத்துக்கொண்டே போனால் பாட்டின் சொற்கள் பின்வரிசையில் குழம்பும். மேடைக்கு எதிர்ச்சுவரில் தடித்த திரை தொங்கவிட்டால் பெரும்பகுதி சரியாகும். கூட்டம் நிறைந்தபின் இன்னும் குறையும், ஏனென்றால் மனித உடலும் துணியும் ஒலியை உறிஞ்சும். திறந்தவெளியில் எதிரொலித் தொல்லை இல்லை. ஆனால் தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் ஒலி 6 டெசிபல் இறங்கிவிடும். காற்றும் மழையும் வேறு. முதல் பருவத்தைக் கூரைக்கடியில் நடத்துவதே நல்லது.

60 பேருக்கு இடமிருந்தாலும் 40 நாற்காலி மட்டும் போடுங்கள். மீதியை ஓரமாக அடுக்கி வைத்து, ஆள் வர வர எடுத்துப் போடலாம். காலி நாற்காலிகளைப் பார்த்துப் பாடுவது கலைஞருக்கும் கஷ்டம், கேட்பவருக்கும் சங்கடம்.

படி 3: கணக்கு

கலைஞர் ஊதியம், அவர்கள் போக்குவரத்து, ஒலி வாடகை, மின்சாரம், கூடத்தின் வாடகை, நோட்டீஸ், இசை உரிமக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகையை இருக்கைகளின் பாதியால், அதாவது 30ஆல் வகுங்கள். அதுதான் டிக்கெட் விலை. ஊராருக்கு அது அதிகமாகத் தோன்றினால் செலவைக் குறையுங்கள், அல்லது ஒரு செலவை ஏற்றுக்கொள்ள ஆள் தேடுங்கள். "60 பேரும் வருவார்கள்" என்று வகுக்கும் எண்ணை ஏற்றினால் இரண்டாவது மாதமே கைக்காசு போகும்.

உரிமக் கட்டணத்தை விட்டுவிடாதீர்கள். பிறர் இயற்றிய பாடல்களைப் பொதுமேடையில் பாட, உங்கள் நாட்டில் அதற்கான உரிமத்தைத் தரும் அமைப்பு எது, சிறு கூடங்களுக்கு என்ன விதி என்று முன்கூட்டியே விசாரியுங்கள்.

படி 4: கலைஞர்கள்

ஒரு பக்க ஒப்பந்தம் போதும். வந்துசேரும் நேரம், பாடும் நேரம், தொகை, ரத்தானால் யார் எவ்வளவு ஏற்பது என்பவை அதில் இருக்கட்டும். தொகையை அன்றிரவே கையில் கொடுத்துவிடுங்கள்; இசைக்காரர்களிடையே இந்தப் பேச்சு வேகமாகப் பரவும். எத்தனை பேர், என்னென்ன கருவி, எத்தனை மைக், யார் எங்கே நிற்பார் என்று ஒரு படம் வரைந்து அனுப்பச் சொல்லுங்கள். இது கைக்கு வராமல் ஒலிக்காரரிடம் பேசிப் பயனில்லை.

45 நிமிடம், 20 நிமிட இடைவேளை, மறுபடி 45 நிமிடம் என்பது வசதியான அமைப்பு. தொடக்கத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு 15 நிமிடம் கொடுத்தால் அவர்கள் வீட்டாரெல்லாம் வருவார்கள்.

படி 5: ஒலியும் மின்சாரமும்

புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இதுதான். 60 பேருக்குத் தேவையானவை: உள்ளேயே ஆம்ப்ளிஃபையர் உள்ள 12 அங்குல ஸ்பீக்கர் 2, மானிட்டர் (பாடுகிறவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) 1, எட்டு சேனல் மிக்ஸர் 1, டைனமிக் மைக் (தனி மின்சாரம் தேவைப்படாத வகை) 4, கீபோர்டு, கிதார் போன்றவற்றுக்கு டிஐ பாக்ஸ் (கருவியை நேராக மிக்ஸரில் இணைக்க உதவும் சிறு பெட்டி) 2, எக்ஸ்எல்ஆர் கேபிள் (மூன்று முனை உள்ள மைக் கேபிள்) 10 மீட்டரில் 8, 20 மீட்டரில் 2. இவற்றுக்குமேல் ஒரு மைக்கும் இரண்டு கேபிளும் உபரியாக இருக்கட்டும். பாஸ் என்ற தாழ்ந்த ஒலி அதிர வேண்டும் என்று பெரிய பெட்டிகளை வாடகைக்கு எடுப்பது சின்னக் கூடத்தில் காசுக்குக் கேடு.

ஸ்பீக்கர்களை ஸ்டாண்டில் ஏற்றி, உயர் ஒலி வரும் பகுதி உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே, ஏறக்குறைய 2 மீட்டரில் இருக்கும்படி வையுங்கள். தாழ்வாக வைத்தால் முன்வரிசை எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், பின்வரிசைக்கு முணுமுணுப்புதான். ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், பார்வையாளரைப் பார்த்து இருக்க வேண்டும். ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி திரும்ப மைக்குக்குள் போய்ச் சுற்றும்போதுதான் காது கிழியும் அந்த ஊளை வருகிறது.

பாடகர் மைக் கார்டியாய்டு வகை என்றால் அதன் நேர் பின்பக்கம்தான் மிகக் குறைவாகக் கேட்கும். மானிட்டரை அந்தத் திசையில், பாடகரின் முகத்தைப் பார்த்துச் சாய்த்து வையுங்கள். பாடகர் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தால் இந்தத் திசைத்தன்மை கெட்டு, அதுவரை அமைதியாக இருந்த மைக் கத்தத் தொடங்கும். தண்டைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

ஊளை வந்தால் எல்லோரும் முதலில் ஒட்டுமொத்த வால்யூமைக் குறைப்பார்கள், பாட்டும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பதில் சவுண்ட் செக்கிலேயே (கச்சேரிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கும்போதே) மானிட்டரை மெதுவாக ஏற்றிக்கொண்டே போங்கள். மெல்லிய ரீங்காரம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, எந்த அதிர்வெண் என்று கண்டுபிடித்து, ஈக்வலைஸரில் (ஒலியின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் வசதி) அதை மட்டும் 3 முதல் 6 டெசிபல் வெட்டுங்கள். இரண்டு மூன்று இடங்களில் வெட்டினால் போதும். அதற்குமேல் வெட்டினால் குரல் செத்துவிடும். பாடகர் மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை லோ கட் பொத்தானால் நீக்கினால் மேடை அதிர்வும் மூச்சுக்காற்றின் "புப்" சத்தமும் குறையும்.

"ஹம்" என்ற இரைச்சல் வந்தால் டிஐ பாக்ஸில் உள்ள, ஒலிக் கேபிளின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டிப் பாருங்கள். பிளக்கின் எர்த் முனையை வெட்டவோ கழற்றவோ கூடாது. அப்படிச் செய்தால், கிதார் கம்பியைத் தொட்ட கையோடு மைக்கில் உதடு படும்போது உயிர் போகலாம். ஒலிக் கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மூலத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். விளக்குக்குத் தனி இணைப்பு. வழியில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் கட்டாயம். சுருளில் சுற்றியிருக்கும் எக்ஸ்டென்ஷன் வயரை முழுவதும் விரித்துவிடுங்கள், சுற்றியபடியே சுமை ஏற்றினால் சூடேறி உருகும்.

ஜெனரேட்டர் என்றால் அதன் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாமல், கூடத்துக்கு வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து விலக்கி வையுங்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. எஞ்சின் ஆறிய பின்தான் எரிபொருள் ஊற்ற வேண்டும்.

போடும்போது மிக்ஸர் முதலில், ஸ்பீக்கர் கடைசியில். அணைக்கும்போது இதற்கு நேர்மாறு. வரிசை மாறினால் வரும் "டம்" சத்தம் ஸ்பீக்கரைக் கெடுக்கும்.

படி 6: சொல்லி அழைப்பது

மூன்று வாரம் முன்பு நோட்டீஸ், ஒரு வாரம் முன்பு நேரில் அழைப்பு, அன்று காலை ஒரு குறுஞ்செய்தி. சிற்றூரில் நேரில் அழைப்பதுதான் ஆளைக் கொண்டுவரும். ஆறு பேர் ஆளுக்குப் பத்து வீடு எடுத்துக்கொண்டால் முடிந்தது. அந்த ஆறு பேரே அன்று வாசல், நாற்காலி, மேடை, வாகன நிறுத்தம் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

படி 7: கச்சேரி நாள்

மாலை 6:30க்குத் தொடக்கம் என்றால் 2 மணிக்கு மின்சாரமும் ஸ்பீக்கரும், 3 மணிக்கு ஒவ்வொரு கேபிளாகச் சரிபார்ப்பு, 3:30க்கு முதன்மைக் குழுவின் சவுண்ட் செக். முதலில் பாடப்போகிறவர்களுக்குக் கடைசியாகச் செய்யுங்கள். அவர்களின் அமைப்பு மேடையில் அப்படியே நிற்கும். 6 மணிக்குக் கதவு திறக்கும்போது எல்லா வேலையும் முடிந்திருக்க வேண்டும்.

சொன்ன நேரத்தில் தொடங்குங்கள், பத்தே பேர் இருந்தாலும். தாமதித்தால் நேரத்துக்கு வந்தவர்கள் அடுத்த மாதம் தாமதமாக வருவார்கள், அதற்கடுத்த மாதம் நிகழ்ச்சியே ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். அடுத்த கச்சேரியின் தேதியையும் கலைஞரையும் கடைசிப் பாட்டுக்கு முன்னால் அறிவியுங்கள். பாட்டு முடிந்ததும் பாதிப் பேர் செருப்புத் தேடப் போயிருப்பார்கள்.

படி 8: அன்றிரவே

வந்தவர் எத்தனை, அவர்களில் போன மாதமும் வந்தவர் எத்தனை என்று வாசலில் இருந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மூன்றாவது கச்சேரி முடிந்ததும் இரண்டாவது எண் கூடியிருந்தால் ஐந்தாவதைத் திட்டமிடலாம். கூடவில்லையென்றால் கச்சேரி நாளையோ இசை வகையையோ மாற்றிப் பாருங்கள். மிக்ஸரை அணைக்கும் முன் அதன் குமிழ்களை ஒரு புகைப்படம் எடுத்தால் அடுத்த முறை ஒரு மணி நேரம் மிச்சம். கரகரத்த கேபிளுக்குச் சிவப்பு டேப் ஒட்டி, மற்றவற்றோடு சேர்க்காமல் தனிப் பையில் போடுங்கள்.