ஃப்ளட்டர் உள்ளே என்ன நடக்கிறது? கவுண்ட்டர் ஆப்பைப் பிரித்துப் பார்க்கலாம்

ஒரே கோடில் ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் ஆப் செய்யலாம் என்று கேள்விப்பட்டு ஃப்ளட்டர் பக்கம் வருகிறவர்கள் மேல், பெரும்பாலான பாடங்கள் எடுத்த எடுப்பிலேயே விட்ஜெட் (பொத்தான், எழுத்து, வரிசை என்று திரையைக் கட்டும் துண்டுகள்) பெயர்களைக் கொட்டிவிடுகின்றன. பெயர்களை எப்போது வேண்டுமானாலும் தேடிக்கொள்ளலாம். ஆப் எப்படி ஓடுகிறது என்பது முதலிலேயே பிடிபட்டுவிட்டால் பின்னால் வரும் குழப்பங்களில் பாதி வராது. அதனால் இங்கே புதிதாக எதையும் கட்டப் போவதில்லை, ஃப்ளட்டர் தானாகவே உருவாக்கிக் கொடுக்கும் கவுண்ட்டர் ஆப்பையே நோண்டிப் பார்க்கப் போகிறோம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளட்டர் போனிடம் பொத்தானோ எழுத்துப்பெட்டியோ கேட்பதில்லை. ஒரு வெற்றுப் பரப்பை வாங்கிக்கொண்டு அதன் மேல் எல்லாவற்றையும் தானே வரைகிறது. 2015-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட் நேட்டிவ் வேறு வழியில் போகிறது: கோடை நீங்கள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதினாலும் திரையில் வருவது அந்தந்த போனின் சொந்தப் பொத்தான்தான். 2018 டிசம்பரில் 1.0 பதிப்பாக வந்த கூகுளின் ஃப்ளட்டரோ, வரைகிற இஞ்சினையே ஆப்போடு சேர்த்து அனுப்பிவிடுகிறது. முன்பு அது ஸ்கியா. இப்போது ஐபோனிலும் புதிய ஆண்ட்ராய்டு போன்களிலும் இம்பெல்லர். இரண்டு போனிலும் ஒரே மாதிரி தெரிவதற்குக் காரணம் இதுதான். ஆப்பிள் தன் பொத்தான்களின் தோற்றத்தை மாற்றினால் உங்கள் ஆப் தானாக மாறாமல் இருப்பதற்கும் இதே காரணம்தான்.

படி 1: நிறுவுதல்

ஃப்ளட்டர் தளத்தில் உங்கள் கணினிக்கான வழிமுறை இருக்கிறது, அதன்படி நிறுவிவிட்டு டெர்மினலில் 'ஃப்ளட்டர் டாக்டர்' கட்டளையைக் கொடுங்கள். எது சரி, எது குறை என்று வரிவரியாகச் சொல்லும். ஆண்ட்ராய்டு வரி பச்சையாக இருந்தால் போதும். விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோ இல்லை என்று அது சொன்னால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அது டெஸ்க்டாப் ஆப் செய்பவர்களுக்கு.

போனில் செட்டிங்ஸுக்குள் போய் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் யுஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்து கேபிளைச் செருகுங்கள்.

படி 2: புராஜெக்டைத் திறந்து பாருங்கள்

'ஃப்ளட்டர் கிரியேட்' கட்டளையோடு ஒரு பெயரைக் கொடுங்கள். பெயரில் சிறிய ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்தான் வரலாம். உருவாகும் ஃபோல்டருக்குள் ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், லிப் என்று சில ஃபோல்டர்கள் இருக்கும். நேராக லிப்புக்குப் போகாமல் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் தேடி மெயின்ஆக்டிவிட்டி என்ற ஃபைலைத் திறந்து பாருங்கள், அது ஆண்ட்ராய்டு ஆப் எழுதப் பயன்படும் கோட்லின் மொழியில் இருக்கும். ஃப்ளட்டர்ஆக்டிவிட்டியிலிருந்து பிறக்கும் ஒரு கிளாஸ், உள்ளே வேறு ஒன்றுமே இல்லை. போனைப் பொறுத்தவரை உங்கள் ஆப் என்பது அந்தச் சின்ன ஓடுதான், அது இஞ்சினை எழுப்பி விடும், மீதி எல்லாம் லிப்பில், ஃப்ளட்டரின் மொழியான டார்ட்டில் எழுதிய கோடின் பொறுப்பு.

படி 3: ஓடவிட்டு நோண்டுங்கள்

'ஃப்ளட்டர் ரன்' கொடுங்கள். முதல் முறை நேரம் எடுக்கும், பொறுமையாக இருங்கள். திரையில் ஒரு எண்ணும் கீழே கூட்டல் பொத்தானும் வந்ததும் அதைச் சில முறை தட்டி 7-க்குக் கொண்டு வாருங்கள்.

இப்போது மெயின் டார்ட் ஃபைலில் தீம் நிறம் ஊதா என்று இருப்பதை டீல் (நீலப்பச்சை) என்று மாற்றி, சேமித்து, டெர்மினலில் சின்ன ஆர் எழுத்தை அழுத்துங்கள். நிறம் மாறிவிடும், 7 அப்படியே இருக்கும். இதுதான் ஹாட் ரீலோட்: ஓடிக்கொண்டிருக்கும் டார்ட் மெஷினுக்குள் மாறிய கோட் மட்டும் போய் உட்காருகிறது, நினைவில் இருக்கும் தரவைத் தொடுவதில்லை. அதே காரணத்தால், கவுண்ட்டரின் தொடக்க மதிப்பை 0-விலிருந்து 10 ஆக்கிவிட்டுச் சின்ன ஆர் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பெரிய ஆர் அழுத்தினால்தான் ஆப் முதலிலிருந்து தொடங்கி 10 வரும்.

அடுத்ததுதான் முக்கியமான சோதனை. எண்ணைக் கூட்டும் ஃபங்ஷனில் 'செட்ஸ்டேட்' என்று ஒரு உறை இருக்கும். அதை எடுத்துவிட்டு, கூட்டும் வரியை மட்டும் விட்டுவைத்து, ரீலோட் செய்து பொத்தானை ஐந்து தடவை தட்டுங்கள். திரையில் 10 அசையாது. சரி, இப்போது எண்ணுக்கு மேலே இருக்கும் ஆங்கில வாக்கியத்தை அழித்து, 'இதுவரை தட்டியது' என்று தமிழில் எழுதி மறுபடி ரீலோட் செய்யுங்கள். தமிழ் வரி வரும்போதே எண்ணும் 15-க்குத் தாவிவிடும். எண் உள்ளே கூடிக்கொண்டுதான் இருந்தது, திரையை மறுபடி எழுதச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். செட்ஸ்டேட் செய்வது அந்த ஒரு வேலையை: இந்த இடத்தில் தரவு மாறிவிட்டது, திரையில் என்ன வர வேண்டும் என்று எழுதித் தரும் பில்ட் ஃபங்ஷனை மறுபடி கூப்பிடு என்று சொல்வது. பார்த்து முடித்ததும் அதைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

ஒவ்வொரு தடவையும் திரை முழுவதையும் புதிதாக எழுதினால் மெதுவாகிவிடாதா என்ற கேள்வி இங்கே வர வேண்டும். மெதுவாகாது. காரணம், விட்ஜெட் என்பது தையல்காரர் அளவு எழுதும் துண்டுச் சீட்டு மாதிரி. சீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் கிழித்து எழுதலாம், செலவு குறைவு. இந்தச் சீட்டுகள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளைத்து நிற்பது முதல் மரம், அதற்கு அடியில் எலிமெண்ட் என்று இரண்டாவது மரம் நிலையாக நிற்கிறது. புதுச் சீட்டு வந்ததும், அந்த இடத்தில் முன்பு இருந்த அதே வகை விட்ஜெட்தானா, அதே கீயா (விட்ஜெட்டுக்கு நாம் கொடுக்கும் அடையாளம்) என்று மட்டும் பார்க்கும். ஆமாம் என்றால் பழையதையே வைத்துக்கொண்டு மாறியதை மட்டும் மூன்றாவது மரமான ரெண்டர் ஆப்ஜெக்டுக்குச் சொல்லும். அளப்பதும் வரைவதும் அந்த மூன்றாவதன் வேலை. நொடிக்கு 60 ஃபிரேம் வேண்டுமென்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16 மில்லிசெகண்ட், அதற்குள் இத்தனையும் முடிவது இந்தப் பிரிவினையால்தான்.

படி 4: மஞ்சள் கறுப்புப் பட்டை

ஒரு ரோவுக்குள் (பிள்ளைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கும் விட்ஜெட்) நீளமான வாக்கியம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். திரை ஓரத்தில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை வந்து, இத்தனை பிக்சல் வழிந்துவிட்டது என்று எச்சரிக்கும். எல்லோருக்கும் வருவதுதான். விதி இது: எவ்வளவு இடம் என்ற வரம்பைத் தாய் விட்ஜெட் கீழே சொல்லும், பிள்ளை தன் அளவை மேலே சொல்லும், எங்கே வைப்பது என்பதைத் தாய் முடிவு செய்யும். ரோ தன் பிள்ளைகளுக்கு அகல வரம்பு சொல்வதில்லை, அதனால் எழுத்து ஒரே வரியில் ஓடி வழிகிறது. அந்த டெக்ஸ்டை எக்ஸ்பாண்டட் என்ற விட்ஜெட்டுக்குள் வைத்தால் மிச்சம் இருக்கும் அகலம் மட்டும் கிடைத்து, வரி மடங்கிவிடும்.

படி 5: கேமரா, பேட்டரி எல்லாம்?

வரைவதைத் தானே செய்தாலும் பேட்டரி அளவைப் போனிடம்தான் கேட்டாக வேண்டும். டார்ட் பக்கமிருந்து ஒரு செய்தி போகும், ஆண்ட்ராய்டில் கோட்லின் கோடோ ஐபோனில் ஸ்விஃப்ட் கோடோ அதை வாங்கிப் பதில் அனுப்பும். இதற்குப் பிளாட்ஃபார்ம் சேனல் என்று பெயர். பதில் உடனே வராது, அதனால் 'அவெய்ட்' போட்டுக் காத்திருக்க வேண்டும். பெரும்பாலான தேவைகளுக்கு ஏற்கெனவே பிளக்இன் (மற்றவர்கள் எழுதி வைத்த தயார் கோட்) இருக்கிறது, புராஜெக்டில் இருக்கும் பப்ஸ்பெக் ஃபைலில் பெயரைச் சேர்த்தால் போதும். சேர்க்கும் முன், கடைசியாக எப்போது அப்டேட் ஆனது என்று பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. இதுவரை நீங்கள் ஓடவிட்டது டீபக் வடிவம் (எழுதும்போது சோதித்துப் பார்ப்பதற்கானது), அதை வைத்து ஃப்ளட்டர் மெதுவானது என்று முடிவு கட்டாதீர்கள். ரிலீஸ் வடிவத்தில் டார்ட் கோட் முன்கூட்டியே மெஷின் கோடாக மாறிவிடுகிறது, ஹாட் ரீலோட் போய்விடும், வேகம் வரும். 'ஃப்ளட்டர் ரன்' உடன் ரிலீஸ் என்று சேர்த்து அதே போனில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஐபோனுக்குக் கட்ட மேக் கணினியும் ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருளும் கட்டாயம் வேண்டும், அது கிடைக்கும் வரை ஆண்ட்ராய்டிலேயே தாராளமாகப் பழகலாம்.