நன்றாகச் சறுக்குபவனைக் கேட்டு மலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்

கும்பகோணத்துப் பக்கம் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். பள்ளிக்கூட நாட்களில் சைக்கிளை அதன் உச்சி வரை தள்ளிக்கொண்டு போய், பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டு இறங்குவோம். எங்களுக்குத் தெரிந்த சறுக்கல் அவ்வளவுதான். அந்தக் கூட்டத்தில் ஆறு பேர், நாற்பது வயதைத் தொடும் நேரத்தில், பனிச்சறுக்குக்குக் கிளம்பினோம்.

ஆறு பேரும் ஆறு விதம். ஒருவன் கனடாவில் இருக்கிறான், குளிர்காலம் முழுக்க வாரக் கடைசியில் மலையில்தான் கிடப்பான். பெங்களூரில் இருப்பவன் மணாலிப் பக்கம் சோலங் பள்ளத்தாக்கில் இரண்டு முறை ஸ்கீ, அதாவது காலில் மாட்டும் சறுக்குப் பட்டை, மாட்டியிருக்கிறான். திருவாரூர் பக்கம் விவசாயம் பார்ப்பவனுக்கும், மயிலாடுதுறையில் ஆசிரியராக இருப்பவனுக்கும், எனக்கும் பனி என்றால் மார்கழி விடியலில் வயல் மேல் நிற்பதுதான். ஆறாவது ஆள் முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவன். வேடிக்கை பார்க்க வருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

எங்கே போவது என்ற பேச்சு வந்தபோது, விஷயம் தெரிந்தவனிடம் விட்டுவிடலாம் என்று கனடாக்காரனிடம் ஒப்படைத்தோம். நியாயமாகத்தான் பட்டது. எங்கள் தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கின.

அவன் காஷ்மீரின் குல்மார்க் என்றான். அப்பர்வாட் மலைமுகட்டில் விழும் மாவு போன்ற பனிக்காகவே வெளிநாட்டுக்காரர்கள் அங்கே வருகிறார்கள். கொண்டோலா, அதாவது கம்பியில் தொங்கிக்கொண்டு போகும் பெட்டி, இரண்டு கட்டமாக ஏறுகிறது. முதல் கட்டம் கோங்டூரி வரை, சுமார் 3,080 மீட்டர். இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,950 மீட்டர். நன்றாகச் சறுக்குபவனுக்கு அது சொர்க்கம். ஊரின் நடுவே இருக்கும் புல்வெளி, கோடையில் கோல்ஃப் ஆடும் இடம், பனி மூடியதும் கற்றுக்கொள்பவர்களுக்கு அருமையான தொட்டில். ஆக, தேர்ந்தவனுக்கும் இடம் இருந்தது, புதியவனுக்கும் இடம் இருந்தது. நாங்கள் கவனிக்காதது நடுவில் இருந்தவனை.

பெங்களூர்க்காரனுக்குப் புல்வெளி முதல் நாள் மதியமே அலுத்துவிட்டது. அடுத்த நாள் கனடாக்காரனோடு கோங்டூரிக்கு ஏறினான். அங்கிருந்து மரங்களுக்கு நடுவே இறங்கும் வழியில் பாதித் தூரத்தை உட்கார்ந்தபடியே கடந்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் நாள் அவன் அறையை விட்டே வரவில்லை. இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த, அகலமான, நடுத்தரச் சரிவுகள் குல்மார்க்கில் குறைவு. இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் பயணத்தையே வேறு மாதிரி போட்டிருப்போம்.

இங்கே ஒரு கணக்கு இருக்கிறது. நன்றாகச் சறுக்குபவனுக்குச் சுமாரான மலை கிடைத்தால் அவனுடைய நாள் கொஞ்சம் மங்கும், அவ்வளவுதான். ஓரத்துப் பனியில் இறங்குவான், வேகத்தைக் கூட்டுவான், ஒரு நாள் தனியாக வழிகாட்டி வைத்துக்கொண்டு எங்காவது போய்விட்டு வருவான். புதியவனுக்குத் தவறான மலை கிடைத்தால் அந்த நாளே கிடையாது. அதனால் தேர்வைப் புதியவனிடமிருந்து தொடங்குங்கள், அடுத்து நடுவில் இருப்பவனைப் பாருங்கள், தேர்ந்தவனைக் கடைசியில் கேளுங்கள். அதற்காக ஒரே ஒரு குழந்தைச் சரிவு இருக்கும் இடத்துக்கு எல்லோரையும் இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். இரண்டாம் நாள் கனடாக்காரன் ஃபோனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவன் முகத்தைப் பார்த்துப் பார்த்து மற்றவர்களுக்கும் சுரத்து போய்விடும்.

“எனக்குத் தெரியும்” என்றால் எவ்வளவு தெரியும்?

எங்கள் ஊரில் நீச்சல் தெரியுமா என்று கேட்டால் எல்லோரும் தெரியும் என்றுதான் சொல்வார்கள். மகாமகக் குளத்தில் நாலு கை போட்டவனும் தெரியும் என்பான், ஆடி வெள்ளத்தில் கொள்ளிடத்தைக் கடந்தவனும் தெரியும் என்பான். ஸ்கீயிலும் அதே கதை. “ஓரளவு தெரியும்” என்ற பதிலை வைத்துக்கொண்டு மலையைத் தேர்ந்தெடுக்க முடியாது.

வேறு மாதிரி கேளுங்கள். கடைசியாக எந்த வருடம் ஸ்கீ மாட்டினாய்? மொத்தம் எத்தனை நாள்? ஸ்கீயின் முன்நுனிகளைச் சேர்த்து ஏர் முனை மாதிரி வைத்துத்தான் நிற்கிறாயா, இல்லை இரண்டையும் இணையாக வைத்தே திரும்புகிறாயா? சேர் லிஃப்டில், அதாவது கம்பியில் தொங்கும் நாற்காலியில், ஏறி இறங்கியிருக்கிறாயா? நீல நிறம் போட்ட சுலபச் சரிவில் விழாமல் கீழே வந்திருக்கிறாயா, அதைவிடக் கடினமான சிவப்பில்? பதில் சொல்ல அவன் தயங்கினால் ஒரு படி குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர்க்காரனிடம் இதைக் கேட்டிருந்தால் இரண்டு முறையும் சேர்த்து அவன் சறுக்கியது மூன்றே மணி நேரம் என்பது வெளியே வந்திருக்கும்.

நிறத்தை நம்பி ஏமாறுவது

ஐரோப்பாவில் சரிவுகளுக்குச் சுலபத்திலிருந்து கடினம் வரை பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் வைத்திருக்கிறார்கள். பிரான்சில் பச்சையில் தொடங்கும். ஆஸ்திரியாவில் பெரும்பாலும் நீலத்திலேயே தொடங்கிவிடும். வட அமெரிக்காவில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம். சிவப்பே கிடையாது. ஜப்பானில் பச்சை, சிவப்பு, கறுப்பு. அங்கே நடுத்தரத்துக்குத்தான் சிவப்பு. கனடாவில் “நீலத்தில் நன்றாக இறங்குவேன்” என்று சொல்பவனும் ஆஸ்திரியாவில் அதையே சொல்பவனும் ஒரே திறமைக்காரர்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

சரிவு என்பதே நம் கண்ணுக்குப் பழகாத பொருள். டெல்டாவில் நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துத்தான் சொல்வோம். ஆஸ்திரியக் கணக்கில் நீலச் சரிவு 25 சதவீதம் வரை போகலாம், சிவப்பு 40 வரை. 25 சதவீதம் என்றால் நூறு அடி நடப்பதற்குள் இருபத்தைந்து அடி கீழே போய்விடும். காகிதத்தில் சாது. மேலே நின்று பார்த்தால் கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பது போல இருக்கும். இந்தியாவிலோ எல்லாச் சரிவுக்கும் நிறப் பலகை வைத்திருப்பார்கள் என்று எதிர்பார்க்கவே வேண்டாம். உள்ளூர்ப் பயிற்சியாளரிடம் கேட்பதுதான் வழி.

இதோடு சேர்ந்த இன்னொரு மயக்கம், “எங்களிடம் முந்நூறு கிலோமீட்டர் சரிவு” என்ற விளம்பரம். முதல் முறை ஸ்கீ மாட்டுபவன் முதல் சில நாள் இருநூறு மீட்டரைத் தாண்டுவதே அபூர்வம். அவனுக்கு முக்கியம் அந்த இருநூறு மீட்டர் எப்படி இருக்கிறது என்பதுதான். வேகமாக வருபவர்கள் குறுக்கே பாயாத தனி இடமா? ஏறுவதற்கு நகரும் பட்டை இருக்கிறதா, இல்லை காலுக்கு நடுவே கம்பியை வைத்து இழுத்துக்கொண்டு போகிற லிஃப்டா? அந்தக் கம்பியில் நான் நான்கு முறை விழுந்தேன், ஐந்தாம் முறை நடந்தே ஏறிவிட்டேன்.

மதியம் எங்கே சேர்ந்து சாப்பிடுவீர்கள்?

எனக்கு இப்போது இதுதான் முதல் கேள்வி. கல்லணையில் ஒரே தண்ணீர்தான் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று பிரிகிறது. பிரிந்த பிறகு அதனதன் வழி. பெரிய பனிச்சறுக்குத் தலங்கள் பலவும் இப்படித்தான், ஒரே உச்சியில் ஏறி வேறு வேறு பள்ளத்தாக்கில் இறங்குவீர்கள். வெளிநாட்டுத் தலங்கள் என்றால் சரிவுகளின் வரைபடம் இணையத்தில் கிடைக்கும். அதை விரித்து வைத்து, பச்சையிலோ நீலத்திலோ வருபவனும் கறுப்பில் வருபவனும் ஒரே இடத்தில் வந்து முடிகிறார்களா என்று விரலால் கோடு போட்டுப் பாருங்கள். நடுவழியில் ஒரு சாப்பாட்டுக் கடை, அதற்கு ஸ்கீ மாட்டாதவனும் லிஃப்டில் வந்துவிடலாம் என்றால் அந்த இடத்துக்குத் தாராளமாகப் பத்து மதிப்பெண் கூடப் போடலாம்.

கூடவே, திரும்பும் வழி. மேலே அழகான சுலபச் சரிவு இருக்கும், ஊருக்கு இறங்கும் கடைசிப் பகுதி மட்டும் செங்குத்தாக இருக்கும். அதுவும் பகலில் இளகிய பனி மாலையில் கண்ணாடியாக இறுகியிருக்கும், கால் களைத்திருக்கும். புதியவன் லிஃப்டிலேயே கீழே வர முடியுமா, கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு என்பதை ஏறுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஃபோன். ஜம்மு காஷ்மீரில் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் மட்டும்தான். எங்களில் மூவர் ப்ரீபெய்ட். ஸ்ரீநகரில் இறங்கியதும் அந்த மூன்று ஃபோனும் வெறும் கேமராவாகிவிட்டன.

நம் ஊர்க் காலண்டரும் மலைக் காலண்டரும்

ஆசிரியருக்குப் பொங்கல் விடுமுறைதான் தோது. விவசாயிக்கு அப்போது உயிரே போனாலும் முடியாது. தை பிறந்தால் சம்பா அறுவடை, அறுத்ததைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுப் பணம் வரும்வரை அவன் ஊரை விட்டு நகர மாட்டான். காஷ்மீரில் டிசம்பர் 21-லிருந்து நாற்பது நாள் கடுங்குளிரைச் சில்லாய் கலான் என்கிறார்கள், அது ஜனவரி 30 வரை. அதற்குள் பனி நன்றாகப் படிந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. ஆனால் 2024 ஜனவரியின் பெரும்பகுதியில் குல்மார்க் பனியில்லாமல் வெறும் புல்லாகக் கிடந்தது. 2025-இல் அங்கே பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகளைப் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளினார்கள். மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்று வானத்தைப் பார்க்கும் நமக்கு இந்த நிலைமை புதிதல்ல. பிப்ரவரி பாதிக்கு மேல் தேதி வையுங்கள், பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டாகப் பாருங்கள்.

சரி, எந்த இடம்? என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன்.

எல்லோரும் புதியவர்கள், ஒருவன்கூடத் தேர்ந்தவன் இல்லை என்றால் சோலங் போதும். பனியைத் தொட்டுப் பார்த்த திருப்தியோடு திரும்பலாம்.

புதியவர்களும் நடுத்தரமும் கலந்த குழு என்றால் உத்தராகண்டின் அவுலி. 2011-இல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் நடந்த சரிவு அது. மாநில அரசின் சுற்றுலா நிறுவனமான கட்வால் மண்டல் விகாஸ் நிகம் ஏழு நாள், பதினான்கு நாள் வகுப்புகள் நடத்துகிறது. நம் ஆட்களுக்கு அது பொருத்தம், ஏனென்றால் நண்பனிடம் ஸ்கீ கற்றுக்கொள்ளக் கூடாது. கனடாக்காரன் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு மணி நேரத்தில் இருபத்தைந்து வருட நட்பு முறியப் பார்த்தது. ஜோஷிமடத்திலிருந்து மேலே போகும் ரோப்வே, 2023 ஜனவரியில் அந்த ஊரில் நிலம் புதைந்து வீடுகள் விரிசல் விட்ட பிறகு நிறுத்தப்பட்டது. அதை நம்பிக் கிளம்பாமல் சாலை வழியாகத் திட்டம் போடுங்கள். ஸ்கீ மாட்டாத ஆள் ஜோஷிமடத்தில் நரசிம்மரைச் சேவித்துவிட்டு வரலாம். குளிர்காலத்தில் பத்ரிநாத் நடை சாத்தியிருக்கும்போது பூஜை இங்கேதான். நூற்றெட்டுத் திருப்பதிகளில் திருப்பிரிதி இதுவே என்று சொல்பவர்களும் உண்டு. முழங்கால்காரனிடம் இதைச் சொன்னபோது, “முதலிலேயே சொல்லக் கூடாதாடா” என்று கோபித்துக்கொண்டான்.

குல்மார்க், புதியவர்களும் நல்ல தேர்ந்தவர்களும் மட்டும் இருக்கும் குழுவுக்கு. நடுத்தரம் ஒருவன் இருந்தால் அவனுக்கு என்று ஒரு பயிற்சியாளரைத் தனியாக வையுங்கள். காற்று அடித்தாலோ பெரும்பனி விழுந்தாலோ இரண்டாம் கட்டக் கொண்டோலாவை நிறுத்திவிடுவார்கள். அதற்காகவே வருபவன் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அப்பர்வாட்டில் பாதுகாப்புக் குழு கண்காணிக்கும் எல்லையைத் தாண்டி இறங்குவது விளையாட்டல்ல, 2024 பிப்ரவரியில் பனிச்சரிவில் ஒரு ரஷ்யர் அப்படி இறந்தார்.

நான்கு பேருக்கு மேல் நடுத்தரம் என்றால் வெளிநாடு பாருங்கள். கஜகஸ்தானில் அல்மாட்டி நகரத்துக்குப் பக்கத்திலேயே ஷிம்புலாக் இருக்கிறது. 2022-லிருந்து நம் பாஸ்போர்ட்டுக்கு அங்கே பதினான்கு நாள் வரை விசா வேண்டாம். சரிவுகள் சுமார் 2,260-லிருந்து 3,200 மீட்டர் வரை, கொண்டோலாவில் சும்மா ஏறிப் பார்ப்பவர்களும் நிறைய. சறுக்காதவன் நகரத்தில் சுற்றிக்கொண்டிருக்கலாம்.

உயரத்தை மறந்துவிடாதீர்கள். ஊட்டியில் தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். குல்மார்க்கில் தங்கும் விடுதியே கிட்டத்தட்ட அந்த உயரம்தான். கடல்மட்டத்தில் வளர்ந்த நாம் நேராகப் போய் இறங்கினால் முதல் நாள் தலைவலி வரலாம். அன்றைக்கு ஸ்கீயைத் தொடவே வேண்டாம். துணிக்கு ஒரே வரி: பருத்தி பனியனும் ஜீன்ஸும் வியர்வையில், பனியில் நனைந்தால் காயவே காயாது.

பணம்

எல்லாவற்றையும் ஆறால் வகுத்தோம். லிஃப்டையே தொடாத முழங்கால்காரன் இரண்டாம் கட்டக் கொண்டோலா சீட்டுக்கும் பங்கு கொடுத்தான், வாய் திறக்கவில்லை. விவசாயிதான் மூன்றாம் நாள் இரவு அதைப் போட்டு உடைத்தான். அறை, வண்டி, சாப்பாடு பொது. லிஃப்ட், வாடகை ஸ்கீ, பயிற்சியாளர் அவரவர் கணக்கு. கிளம்புவதற்கு முன் இதைப் பேசிவிடுங்கள். புதியவன் முதல் இரண்டு நாளுக்கு முழு மலைக்கான பாஸ் வாங்குவதும் வீண். பல ஐரோப்பியத் தலங்களில் கற்றுக்கொள்பவர்களின் சிறு லிஃப்டுகளுக்கு மலிவான பாஸ் தனியாக உண்டு, சில இடங்களில் இலவசம். சாதாரணப் பயணக் காப்பீட்டில் பல நேரம் பனிச்சறுக்கு சேராது. சேர்த்து எழுதினாலும் குறித்த சரிவுகளுக்கு வெளியே போனால் செல்லுமா என்று பாலிசியைப் படித்துப் பாருங்கள், முக்கியமாகக் கனடாக்காரன் மாதிரி ஆள் கூட வந்தால்.

வரும் மாசிக்கு அவுலி என்று முடிவாகியிருக்கிறது. இந்த முறை இடத்தைச் சொன்னது திருவாரூர்க்காரன். கனடாக்காரன் முனகிக்கொண்டே டிக்கெட் போட்டிருக்கிறான், முழங்கால்காரன் அறை ஜோஷிமடத்தில்தான் வேண்டும் என்று நிற்கிறான். அது இன்னும் தீரவில்லை.