விளைபொருள் விலைப்போக்கைக் கணிப்பது எப்படி?

விளைச்சலை விட முதலில் பார்க்க வேண்டியது கையிருப்பு. அமெரிக்க வேளாண் துறை மாதந்தோறும் வெளியிடும் உலக வழங்கல், தேவை அறிக்கையில் பருவ இறுதிக் கையிருப்பை எடுத்து, ஆண்டுப் பயன்பாட்டால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 800 டன் பயன்பாட்டுக்கு 120 டன் கையிருப்பு என்றால் 15 சதவீதம்; ஏறத்தாழ 55 நாளுக்குத்தான் சரக்கு. இந்த விகிதம் மாதாமாதம் இறங்கினால், சின்ன மழைக்குறைவுகூட விலையை உலுக்கிவிடும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: கோதுமை, மக்காச்சோளக் கையிருப்பில் பெரும்பங்கு சீனாவில் இருக்கிறது, அது ஏற்றுமதிக்கு வருவதில்லை. கையிருப்பு, பயன்பாடு இரண்டிலும் சீனாவைக் கழித்துவிட்டு மறுபடி கணக்குப் போடுங்கள். அப்போது வரும் எண்ணைத்தான் நம்பலாம்.

சாகுபடிச் செலவில் சேரும் உர விலையைக் கணிக்க இயற்கை எரிவாயு விலையைக் கவனியுங்கள். யூரியா பெரும்பாலும் அதிலிருந்துதான் வருகிறது.