குறைமாதக் குழந்தைக்கு விழித்திரைப் பரிசோதனை: நாள் தவறாமல் செய்து முடிக்கும் வழி

குறைமாதக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவமனையில் தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில், குழந்தை எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, பிறந்த எடை எவ்வளவு என்ற இரண்டையும் முதலில் பாருங்கள். 34 வாரங்களுக்கு முன் பிறந்திருந்தாலோ, எடை 2000 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ, ஆர்ஓபி எனப்படும் விழித்திரை நோய்க்கான பரிசோதனை அவசியம். 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்து, ஆக்சிஜன், கிருமித் தொற்று, ரத்தம் ஏற்றுதல் என்று சிரமப்பட்ட குழந்தைக்கும் அது தேவைப்படலாம். அமெரிக்க இணையதளங்களில் காணும் 1500 கிராம் கணக்கை நம்பிப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். நம் நாட்டில் அதைவிட எடை கூடிய குழந்தைகளுக்கும் இந்நோய் வருகிறது.

பிறந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் முதல் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். 28 வாரங்களுக்கு முன் பிறந்த குழந்தைக்கும், 1200 கிராமுக்குக் குறைந்த குழந்தைக்கும் இரண்டு, மூன்று வாரங்களிலேயே. வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவதுதான் பல குடும்பங்களில் நேரும் பிழை. குழந்தை இன்னும் இன்குபேட்டரில் இருந்தால், கண் மருத்துவர் எந்த நாளில் வார்டுக்கு வருகிறார் என்று கேட்டு வையுங்கள்.

தீட்டுக் கழியட்டும், உடம்பு தேறட்டும் என்று பெரியவர்கள் தடுப்பார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: விழித்திரையின் ரத்தக் குழாய்கள் ஏறத்தாழ 40 வாரத்தில்தான் வளர்ந்து முடிகின்றன, முன்னதாகவே பிறந்த குழந்தைக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடக்கூடும். நோய் தொடங்கும் கட்டத்தில் வெளியிலிருந்து பார்த்தால் கண் தெளிவாகவே இருக்கும்.

சென்னையில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயா போன்ற இடங்களில் விழித்திரை மருத்துவர்கள் இருக்கிறார்கள். எங்கு சென்றாலும், குறைமாதக் குழந்தைகளைப் பார்க்கும் நாளையும் நேரத்தையும் தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு, டிஸ்சார்ஜ் சம்மரியுடன் கிளம்புங்கள்.

கண்ணின் பாவை விரிவதற்காகச் சொட்டு மருந்தை இடைவெளி விட்டுச் சில முறை போடுவார்கள் என்பதால், ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருக்க நேரும். பரிசோதனையின்போது வாந்தி எடுத்துப் புரையேறாமலிருக்க, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிடுங்கள்; சொட்டு மருந்து தொடங்குமுன் பசியாற்றிவிட்டால் சரியாக இருக்கும். குளிரூட்டிய அறையில் உடல் சூடு குறையாதபடி தொப்பியும் கனமான துணியும் எடுத்துச் செல்லுங்கள். அன்று மட்டுமல்ல, எந்த நாளும் கண்ணுக்கு மை தீட்ட வேண்டாம். இமையை விலக்கிப் பிடிக்கும்போது குழந்தை வீறிட்டு அழும். மரத்துப்போகும் சொட்டு போட்டுத்தான் செய்கிறார்கள். பிறகு குழந்தையின் நிறம் மாறினாலோ மூச்சு விட்டு விட்டு வந்தாலோ உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

அறையை விட்டு வெளியே வருமுன் நோயின் நிலை என்ன, அடுத்த தேதி எது என்று எழுதி வாங்குங்கள். ரத்தக் குழாய்கள் முழுமையாக வளரும்வரை ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்வார்கள். முதல் முறை ‘ஒன்றுமில்லை’ என்றதோடு நிறுத்திவிடுவது ஆபத்து. சிகிச்சை வேண்டுமென்றால் இரண்டு, மூன்று நாட்களுக்குள் லேசரோ கண்ணில் ஊசியோ போட வேண்டும், அடுத்த வாரத்துக்குத் தள்ளக்கூடாது. ஊசி போட்ட கண்ணில் நோய் பல வாரங்கள் கழித்தும் திரும்பலாம் என்பதால் அதற்குக் கண்காணிப்பு நீளும். சிகிச்சை தேவைப்படாத குழந்தைக்கும் கிட்டப்பார்வை, மாறுகண் ஆகியவை பின்னாளில் தோன்ற வாய்ப்பு அதிகம். ஆகவே ஒரு வயதுவாக்கில் மீண்டும் கண்ணைக் காட்டி, பள்ளியில் சேர்க்கும்வரை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடருங்கள்.