எபேசியர் 2:8–10: மூன்று விகுதிகளை வைத்து இரட்சிப்பைக் கற்றுக்கொடுக்கும் முறை

ஒரு மணி நேர வேதபாடத்துக்கு இந்தப் பகுதி தாராளமாகப் போதும். ஆனால் வாசிப்பை 8ஆம் வசனத்தில் தொடங்காதீர்கள், 1ஆம் வசனத்துக்குப் போங்கள். அங்கே பவுல் நம்மைப் பலவீனர் என்று சொல்லவில்லை, ‘மரித்தவர்களாயிருந்த’ என்கிறார். இதைத் தாண்டிவிட்டால், பாதியை நாம் செய்ய மீதியைத் தேவன் முடித்துத் தருவதுதான் கிருபை என்று கேட்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். முதல் பத்து நிமிடம் 1–7ஐ வாசித்து, 4ஆம் வசனத்திலிருந்து வினைச்சொற்களின் கீழ் கோடு போடச் சொல்லுங்கள். உயிர்ப்பித்தார், எழுப்பினார், உட்காரச் செய்தார்: எல்லாவற்றையும் செய்கிறவர் தேவன்.

அடுத்து 8–10. பலகையில் மூன்று சொற்களை எழுதுங்கள்: கிருபையினாலே, விசுவாசத்தைக்கொண்டு, நற்கிரியைகளைச் செய்கிறதற்கு. தமிழ் வேதாகமத்தின் விகுதிகளே இங்கே பாதிப் பாடத்தை நடத்திவிடும். ‘ஆலே’ காரணத்தைச் சொல்கிறது, ‘கொண்டு’ பெற்றுக்கொள்ளும் வழியை, ‘அதற்கு’ நோக்கத்தை. 9ஆம் வசனமோ கிரியைகளுக்கு அந்த ‘ஆல்’ கிடையாது என்று மறுக்கிறது: ‘கிரியைகளினால் உண்டானதல்ல.’ நற்கிரியை தேவையில்லை என்று பவுல் சொல்லவே இல்லை. அதன் இடத்தைத்தான் மாற்றி வைக்கிறார்.

பெரும்பாலும் பாடம் சறுக்குவது ‘கொண்டு’ என்ற சொல்லில்தான். விசுவாசத்தையே ஒரு கிரியையாக்கி, “எனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால் இரட்சிப்பு இல்லை” என்று ஒருவர் கலங்குவார். அவரை அவசரப்படுத்தாதீர்கள். ரோமர் 4:4–5ஐத் திறந்து, கூலிக்கும் கிருபைக்கும் உள்ள வித்தியாசத்தை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மாற்கு 9:24. ‘என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்று கதறிய தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, மகனைக் குணமாக்கினார். நம் விசுவாசத்தின் அளவு நம்மை இரட்சிப்பதில்லை. அது யாரைப் பற்றிக்கொள்கிறதோ அவர் இரட்சிக்கிறார்.

மனுஷன் விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்று சொல்லும் யாக்கோபு 2:24ஐ யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். அதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி வையுங்கள். ஆபிரகாமின் வயதை வரிசையாக எழுதினால் முடிச்சு அவிழும். ஆதியாகமம் 15:6இல் அவன் விசுவாசித்து நீதிமானாக எண்ணப்பட்டபோது இஸ்மவேல்கூடப் பிறக்கவில்லை, அதாவது 86 வயதுக்கு முன். விருத்தசேதனம் 99 வயதில். ஈசாக்கு பிறந்தது 100இல், அவனைப் பலியிடப் போன பலிபீடச் சம்பவம் அதற்கும் பின். ரோமர் 4இல் பவுல் முதல் கட்டத்தைக் காட்டி, நீதி எப்படி வந்தது என்கிறார். யாக்கோபு கடைசிக் கட்டத்தைக் காட்டி, அந்த விசுவாசம் உயிருள்ளது என்பது எதில் விளங்கியது என்கிறார். அவர் கண்டிப்பது பிசாசுகளுக்கும் இருக்கிற வெறும் ஒப்புதலை (2:19).

பல சபையினர் கலந்த குழுவானால், 1999 அக்டோபர் 31 அன்று லுத்தரன் உலகப் பேரவையும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டதைச் சொல்லலாம். வேறுபாடுகள் எல்லாம் தீரவில்லை. ஆனாலும் அடிப்படையில் ஒருமனம் உண்டு என்று இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டன.

கடைசி ஐந்து நிமிடம், இரட்சிப்பை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று சொல்ல வேண்டாம். கையை உயர்த்தியதையே பிறகு ஆதாரமாகப் பிடித்துக்கொள்வார்கள். லூக்கா 18:13இல் ஆயக்காரன் செய்த ஜெபத்தை ஒருமுறை சத்தமாக வாசித்து, அமைதியாக இருக்க விடுங்கள்: ‘தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.’