ரிசீவ் ஒரு தடவை போதாது

சி மொழியில் சாக்கெட் நிரல் (வலைவழி இரு நிரல்கள் பேசிக்கொள்ள உதவுவது) எழுதுகிறவர்கள் பலரும் ஒரு தடவை சென்ட் (send, அனுப்பும் அழைப்பு) செய்தால் எதிர்முனையில் ஒரு ரிசீவில் (recv, வாங்கும் அழைப்பு) அது முழுதாக வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். சொந்தக் கணினிக்குள் சோதித்தபோது எல்லாம் சரியாக ஓடியது. வெளியே வேறு சர்வரில் போட்டதும் தமிழ்ச் செய்திகள் நடுவில் கேள்விக்குறியாக உடைந்தன.

காரணம் இதுதான். டிசிபி (TCP) என்ற இணைப்பு நெறிமுறை தருவது பைட்டுகளின் ஓட்டம், அதற்குச் செய்தியின் எல்லை தெரியாது. 'வணக்கம்' என்ற சொல் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில், புள்ளி உட்பட ஒவ்வொரு குறிக்கும் 3 பைட்டாக, 21 பைட். அதில் 10 பைட் மட்டும் முதலில் வரலாம். அப்போது முதல் 'க' எழுத்தை அடுத்து வரும் புள்ளி நடுவே துண்டாகிவிடும்.

ஆகவே செய்திக்கு முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டில் அனுப்புங்கள், எச்-டி-ஓ-என்-எல் (htonl) என்ற சி ஃபங்ஷனைப் போட்டு நெட்வொர்க்கின் பைட் வரிசைக்கு மாற்றி. வாங்கும் பக்கத்தில் முதலில் அந்த 4 பைட், அப்புறம் அந்த நீளம் நிறையும்வரை லூப். ஒவ்வொரு முறையும் ரிசீவ் தந்த எண்ணிக்கை அளவு பஃபரில் (வரும் பைட்டுகளைச் சேர்க்கும் நினைவக இடத்தில்) நகர்ந்து, மீதியை மட்டும் கேளுங்கள். அந்த 4 பைட்டும்கூடத் துண்டாக வரலாம், அதற்கும் இதே லூப்தான்.

ரிசீவ் 0 தந்தால் எதிர்முனை இணைப்பை மூடிவிட்டது என்று பொருள். லூப்பை விட்டு வெளியே வாருங்கள். இதைக் கவனிக்காவிட்டால் லூப் முடிவின்றிச் சுற்றி, சிபியு 100 சதவீதத்தில் நிற்கும். மைனஸ் 1 வந்து, பிழை எண்ணைக் காட்டும் எர்நோ (errno) இ-இன்டர் (EINTR) என்றால் சிக்னல் குறுக்கிட்டிருக்கிறது, மறுபடி முயலுங்கள்.

வந்த நீளத்தை அப்படியே நம்பி மாலாக் (malloc) மூலம் நினைவகம் ஒதுக்க வேண்டாம். உச்ச அளவு ஒன்று வைத்து, அதற்கு மேல் போனால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். சென்டும் குறைவாக அனுப்பலாம் என்பதால் அதற்கும் ஒரு லூப் வேண்டும்.