புரோபேட் ஃபீஸ் கட்ட முடியாவிட்டால்: கலிபோர்னியாவில் விலக்கு கேட்பது எப்படி

கலிபோர்னியாவில் இறந்தவரின் சொத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்ற கோர்ட்டில் புரோபேட் மனு போட்டால், பெரும்பாலான கவுன்ட்டிகளில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) தொடக்கத்திலேயே 435 டாலர் கட்டச் சொல்வார்கள். துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்கு, அதிலும் சம்பாதித்துக் கொண்டிருந்தவரே போய்விட்ட வீட்டுக்கு, அது பெரிய தொகை. அதற்காக மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். கட்ட முடியாதவர்களுக்கு விலக்கு கொடுக்க அங்கே சட்டமே இருக்கிறது, அதைக் கேட்பது உங்கள் உரிமை.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: உங்களுக்குப் புரோபேட் தேவைதானா? 2025 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின் இறந்தவர் என்றால், சொத்து மொத்தம் 208,850 டாலருக்குள் இருந்தால், பேங்க் பணம், நகை மாதிரியானவற்றை இறந்து 40 நாள் கழித்து ஒரு உறுதிமொழிப் பத்திரத்தை பேங்கில் கொடுத்தே வாங்கிவிடலாம். கோர்ட்டே வேண்டாம், ஃபீஸும் இல்லை. இது தெரியாமல் கோர்ட் வாசலில் நிற்பவர்களை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

சரி, கோர்ட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றால், எஃப்டபிள்யூ-001 (FW-001) என்ற விலக்கு விண்ணப்பப் படிவத்தை எடுங்கள், கோர்ட் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். இதில் 5வது கேள்விதான் உயிர்நாடி. மெடி-கால் (மருத்துவ உதவி), கால்ஃப்ரெஷ் (உணவு உதவி), எஸ்எஸ்ஐ (முதியோர், ஊனமுற்றோருக்கான மாத உதவித்தொகை) போன்ற அரசு உதவி வாங்குகிறீர்களா, அதை டிக் செய்தாலே போதும், இரண்டாம் பக்கத்தை நிரப்ப வேண்டியதில்லை. உதவி எதுவும் இல்லை, ஆனால் குடும்பத்தின் மாத வருமானம் படிவத்தில் போட்டிருக்கும் தொகையை விடக் குறைவு என்றால் அது இரண்டாவது வழி. வருமானம் அதற்கு மேல் இருந்தும் வாடகை, சாப்பாடு, மருந்துச் செலவு போக ஃபீஸுக்கு மிஞ்சவில்லை என்றால் மூன்றாவது வழி. இதில் வரவு செலவு, கடன் எல்லாவற்றையும் விவரமாக எழுத வேண்டும், மொத்தமாக விலக்கு கேட்கலாம், கொஞ்சம் குறைக்கச் சொல்லலாம், தவணையும் கேட்கலாம். சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிறீர்கள், அதனால் எண்களைக் கூட்டிக் குறைத்து எழுத வேண்டாம். நீங்கள் எழுதுவது ரகசியமாகத்தான் வைக்கப்படும், எனவே கூச்சப்படாமல் உள்ளதை எழுதுங்கள்.

பெற்றோர் இல்லாத பேரக்குழந்தைக்குக் காப்பாளராக மனு போடும் பாட்டி தாத்தாக்களுக்குப் படிவம் வேறு, எஃப்டபிள்யூ-001-ஜிசி. அங்கே பார்ப்பது குழந்தையின் பண நிலையை.

எஃப்டபிள்யூ-003 என்ற உத்தரவுப் படிவத்தில் மேலே உங்கள் பெயர் விவரத்தை மட்டும் நிரப்பி, எல்லாவற்றையும் புரோபேட் மனுவோடு சேர்த்தே கொடுங்கள். கிளார்க் பணம் கேட்காமல் மனுவை வாங்கிக்கொள்ள வேண்டும். 5 கோர்ட் வேலை நாட்களுக்குள் கோர்ட் எதுவும் சொல்லாவிட்டால் விலக்கு கிடைத்ததாகவே அர்த்தம்.

விலக்கு கிடைத்தாலும் எல்லாச் செலவும் போய்விடாது, இதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாளில் கொடுக்க வேண்டிய அறிவிப்புக்கான கட்டணம், சொத்தை மதிப்பிடும் புரோபேட் ரெஃப்ரியின் கட்டணம் இரண்டும் கோர்ட் ஃபீஸில் சேராது. பத்திரிகைக்குப் பத்திரிகை விலை மாறும், கோர்ட் ஏற்றுக்கொள்ளும் பத்திரிகைகளில் எது மலிவு என்று போன் செய்து விசாரியுங்கள். இந்தச் செலவையெல்லாம் பிற்பாடு இறந்தவரின் சொத்திலிருந்தே திரும்ப எடுத்துக்கொள்ள முடியும், அதனால் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம், உங்கள் பண நிலை மேம்பட்டால் 5 நாட்களுக்குள் கோர்ட்டுக்குச் சொல்ல வேண்டும், இதற்கு எஃப்டபிள்யூ-010. சொத்து கைக்கு வந்ததும் தள்ளுபடியான ஃபீஸைக் கட்டச் சொல்லவும் வாய்ப்பு உண்டு.

மறுத்துவிட்டால் உத்தரவிலேயே காரணம் எழுதியிருப்பார்கள். 10 நாட்களுக்குள் பணம் கட்டலாம், விட்டுப்போனதைச் சேர்த்துத் திருத்திய விண்ணப்பம் கொடுக்கலாம், இல்லை நீதிபதி முன் நேரில் பேச எஃப்டபிள்யூ-006 போடலாம். நாள் கடந்தால் போட்ட மனுவே செல்லாமல் போகலாம், எனவே உத்தரவு கைக்கு வந்த அன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.